தலை மட்டும் வெளியே நீட்டும் பெட்டி

நகரியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே மங்காபுரம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கட்டி நடத்திய ஆஸ்பத்திரி, அவர் சீமைக்குத் திரும்பிய பிறகு பன்னிரண்டு வருஷம் பூட்டியே கிடந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மழை விட்டதும், அதைப் பிரசவ ஆஸ்பத்திரியாகத் திறப்பது என்று சர்க்கார் தீர்மானித்தது. பெருக்கி, மெழுகி, நாலு கட்டில் போட்டுத் தயார் செய்வதற்காக மிட்வைஃப் சுலோசனா வந்து இறங்கினாள்.

சுலோசனாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. நகரியில் தறி போடும் வீட்டில் பிறந்தவள். பதினாறு வயதில் பெற்ற தலைச்சன் பிள்ளை தங்கவில்லை. புருஷன் மதராஸ் மில்லுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். சுலோசனா ஒரு வருஷம் அழுதாள். அப்புறம் சித்தூருக்குப் போய் மிட்வைஃப் பயிற்சியில் சேர்ந்தாள். புத்தூர், காளஹஸ்தி, சந்திரகிரி என்று மாற்றல் மேல் மாற்றல். ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் அவள் கையில் விழுந்திருக்கும். போன இடத்தில் எல்லாம் நல்ல பெயர்தான். ஒரே ஒரு குறை, எதைக் கேட்டாலும் தெரியாது என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. ஊர் ஊராகத் தனியாக இருக்கிற பொம்பளை அந்தச் சொல்லைச் சொன்னால் மறுநாளே ஏறி மிதிப்பார்கள் என்பது அவள் எண்ணம்.

ஆஸ்பத்திரிக்குக் காவலாக இருந்தவர் கங்கையா. அறுபது வயது, பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவார். டாக்டரம்மா போன பிறகு வேலைக்கு வந்தவர் என்பதால் பூட்டைத் தவிர வேறெதையும் பற்றி அவருக்குத் தெரியாது. இருவரும் ஒவ்வோர் அறையாகத் திறந்துகொண்டு போனார்கள். துருப்பிடித்த கட்டில்கள், கண்ணாடிச் சீசாக்கள், தேள்கள். கடைசி அறையில்தான் அந்தப் பெட்டி இருந்தது.

ஆள் நீளத்துக்கு மரப்பெட்டி. நான்கு கால்களில் சக்கரம். மேலே இறுக்கி மூடுகிற மூடி, சுற்றிலும் பித்தளைக் கொக்கிகள். தலைமாட்டுப் பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. அதைச் சுற்றி, காய்ந்து வெடித்த ரப்பர் வளையம். கால்மாட்டிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய் கிளம்பி, கொல்லன் பட்டறையில் இருப்பது போன்ற பெரிய தோல் துருத்திக்குள் போனது. துருத்தியின் பக்கவாட்டில் நீளமான ஒரு கைப்பிடி.

"இன்னாம்மா இது? பொணம் வெக்கிற பொட்டியா?" என்றார் கங்கையா.

"பொணத்துக்கு எதுக்கு சக்கரம்?"

"ஓட்ட எதுக்கு, அது சொல்லு. செத்தவன் எட்டிப் பாக்கறதுக்கா?"

சுலோசனா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். ஆவியில் துணி வேகவைக்கிற பெட்டியோ என்று நினைத்தாள். அப்படியானால் உள்ளே எதற்கு மெத்தை? பைத்தியம் பிடித்தவர்களைப் பூட்டி வைப்பதற்கோ என்று நினைத்தாள். துருத்தி எதற்கு? பெட்டியின் பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. முக்கால்வாசியைக் கரையான் கொண்டுபோய்விட்டது. ஆர், ஈ, எஸ், பி என்ற நான்கு எழுத்து மட்டும் மிச்சம். அவற்றைக் கூட்டிக் கூட்டி வாசித்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

படம் வரைந்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். இரண்டு ராஜ்யங்களுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம் அது. மங்காபுரம் ஆந்திராவில் நிற்குமா, மதராசோடு போகுமா என்று டீக்கடையில் நாளுக்கு ஒரு சேதி. ஊர் எந்தப் பக்கம் என்று முடிவானதும் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை எந்தப் பொருளையும் அப்புறப்படுத்த வேண்டாம் என்று தெலுங்கில் பதில் வந்தது. பெட்டி என்ன பெட்டி என்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஆஸ்பத்திரி திறந்த செய்தி பரவிய நாலாம் நாள், வெங்கடம்மா வந்தாள். ஐம்பது வயதுக்காரி, கடலைக்காட்டு வேலையில் கறுத்து இறுகிய உடம்பு. வாசலிலேயே நின்றுகொண்டு, "நர்சம்மா, அந்தப் பொட்டி இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

"எந்தப் பொட்டிக்கா?"

"தல மட்டும் வெளிய நீட்டிக்கினு படுக்க வெப்பாங்களே, அது. கீதுன்னா சொல்லு. கொளுத்தணும்."

சுலோசனா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வெங்கடம்மா தண்ணீரைத் தொடவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய கதையை நேற்று நடந்தது போலச் சொன்னாள்.

அவள் மகன் சந்திரன். ஒன்பது வயது. ஜுரம் வந்தது. மூன்றாம் நாள் கால் அசையவில்லை. நாலாம் நாள் கை அசையவில்லை. ஐந்தாம் நாள் மூச்சு இரைத்தது. வண்டி கட்டி இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா அவனை அந்தப் பெட்டிக்குள் படுக்க வைத்து, கழுத்தில் ரப்பரை மாட்டி, மூடியைச் சாத்திவிட்டார். எண்ணெய் எஞ்சின் ஓடி மின்சாரம் வந்தவரை துருத்தி தானாக ஆடியது. எஞ்சின் நின்றபோது ஆட்கள் மாறி மாறிக் கைப்பிடியை இழுத்தார்கள்.

"ரெண்டு நாளு. எம்புள்ள தல மட்டும் வெளிய. கழுத்த ரப்பர் நெரிக்கிது. தஸ்ஸு புஸ்ஸுன்னு அந்தப் பொட்டிதான் மூச்சு வுடுது, அவன் வுடல. அவன் மூச்ச அது உறிஞ்சிக்கினு கீதுன்னு நெனச்சேன். டாக்டரம்மா பேசனது எனக்குப் புரியல. நான் பேசனது அவங்களுக்குப் புரியல. மூணாம் நாளு மத்தியானம் கைப்பிடி இழுக்கறவன் துன்னப் போனான். என்னிய இழுக்கச் சொன்னாங்க. நான் இழுக்கல. கொக்கிய எல்லாம் அவுத்து எம்புள்ளய வெளிய எடுத்துட்டேன்."

அவள் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

"மடியிலயே போய்ட்டான். முந்தின நாளே எடுத்திருந்தா பொழச்சிருப்பான். அந்தப் பொட்டி உறிஞ்சி முடிச்சப்புறம் எடுத்துட்டேன். நீ படிச்சவ, சொல்லு. அது அவன மூச்சு முட்ட வெச்சிதா இல்லியா?"

சுலோசனாவுக்கு ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. "மேலேருந்து உத்தரவு வரட்டும்க்கா, கொளுத்த வேணாம்" என்று ஏதோ சொல்லி அனுப்பினாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று தெரிகிறது. கால் கைக்கு எண்ணெய் தேய்ப்பார்கள், கட்டுப் போடுவார்கள். கழுத்தை நெரித்துப் பெட்டியில் அடைப்பது எந்த ஊர் வைத்தியம்? டாக்டரம்மாவை ஊரே தெய்வமாகச் சொல்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு பிள்ளையைக் கொல்வாரா? கொல்லவில்லை என்றால் அந்தப் பெட்டி என்னதான் செய்தது?

மறு வாரம் முதல் பிரசவம் வந்தது. பெற்றவளுக்கு லேசாக ஜுரம். சுலோசனா கட்டிலில் சார்ட்டை மாட்டி, வழக்கம்போல மூன்று கட்டம் போட்டாள். ஜுரத்துக்கு ஒன்று, நாடிக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. மூன்றாவது கட்டத்தின் தலைப்பில் சுருக்கமாக நான்கு எழுத்து எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. ஆர், ஈ, எஸ், பி. ரெஸ்பிரேஷன். மூச்சு.

பார்த்த எழுத்துதான், பத்து வருஷமாகத் தினமும் எழுதுகிற எழுத்து. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. மூச்சுப் பெட்டி என்றால் மூச்சைக் கொடுக்கிற பெட்டியா, எடுக்கிற பெட்டியா? கொடுப்பதானால் மூக்கு உள்ளே அல்லவா இருக்க வேண்டும்? மூக்கும் வாயும் வெளியே. காற்று போவது உடம்பு இருக்கும் பக்கம். இதில் எப்படி மூச்சு வரும்?

படுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. செருப்பு தைக்கும் கருப்பனைக் கூப்பிட்டு, எலி கடித்த துருத்தித் தோலுக்கு ஒட்டுப் போடச் சொன்னாள். பிரசவக் கட்டிலுக்கு வந்திருந்த புது ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டித் தானே கழுத்து வளையம் தைத்தாள். கங்கையா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒத்தும்மா, வேணாம்! உனக்கு ஏதாச்சும் ஆனா நான் எவருக்குப் பதில் சொல்றது?"

"நான் கைய ஆட்டினா நிறுத்திடுங்க."

"கைதான் உள்ள இருக்குமே?"

அதை அவள் யோசிக்கவில்லை. "சரி, கத்தறேன்" என்றாள்.

காலை பத்து மணி வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. சுலோசனா உள்ளே படுத்துத் தலையை ஓட்டை வழியாக நீட்டினாள். கங்கையா மூடியைச் சாத்திக் கொக்கிகளை இறுக்கினார். கழுத்தில் ரப்பர் ஒட்டியதும், எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. "இழுங்க" என்றாள். கங்கையா கைப்பிடியை இழுத்தார். துருத்தி விரிந்தது. முதலில் அவள் பயத்தில் தன் மூச்சைத் தானே இழுத்து எல்லாவற்றையும் கெடுத்தாள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு உடம்பைத் தளர்த்தி, எதுவும் செய்யாமல் கிடந்தாள். துருத்தி விரியும்போது பெட்டிக்குள் இருந்த காற்றை அது உறிஞ்ச, அவள் மார்பு தானாக எழும்பியது. மூக்கு வழியாகக் காற்று தானாக உள்ளே வந்தது. துருத்தி சுருங்கும்போது காற்று தானாக வெளியே போனது. அவள் மூச்சு விடவில்லை. அவளுக்காகக் கங்கையாவின் கை மூச்சு விட்டது.

வெளியே வந்தபோது அவளுக்குக் கண்ணீர் முட்டியது. சந்தோஷமா, திகிலா என்று அவளுக்கே விளங்கவில்லை. மூச்சு விட முடியாத பிள்ளைக்கு இரண்டு நாள் இது மூச்சு கொடுத்திருக்கிறது. கொக்கியை அவிழ்த்தது தாய்.

இதை எப்படிச் சொல்வது? பத்து நாள் அவள் வெங்கடம்மா கண்ணில் படாமல் தப்பித்தாள். பெட்டிதான் கொன்றது என்று சொல்லிவிட்டால் அந்தப் பொம்பளை அதைக் கொளுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். அப்படியே சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் காலையில் அது பாவம் என்று தோன்றும். உண்மையைச் சொன்னால் அவள் கிணற்றில் விழுந்தாலும் விழுவாள். கங்கையாவிடம் கேட்டால், "நாக்கேம் தெலுசும்மா, எனக்கு இன்னா தெரியும்" என்று கையை விரித்துவிட்டார்.

பதினோராம் நாள் வெங்கடம்மாவே மண்ணெண்ணெய்ச் சீசாவோடு வந்துவிட்டாள். "நீ உள்ள படுத்தியாமே? ஊரே பேசிக்கினு கீது. இன்னா ஆச்சி உனக்கு?"

சுலோசனா சீசாவை வாங்கக் கை நீட்டினாள். வெங்கடம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீசாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னியும் படுக்க வெய்" என்றாள்.

"வேணாம்க்கா."

"எம்புள்ள ரெண்டு நாளு படுத்தான். நான் படுக்க மாட்டனா?"

அன்று துருத்தியைத் தலைமாட்டுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தது சுலோசனா. வெங்கடம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பயந்து திமிறவில்லை, முதல் இழுப்பிலிருந்தே உடம்பை விட்டுவிட்டாள். இருபது தடவை, முப்பது தடவை. போதுமா என்று கேட்டபோது, இழு என்பது போலத் தலையை அசைத்தாள். அவள் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை வெளியே இல்லை. சுலோசனா ஒரு கையால் இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் துடைத்துவிட்டாள்.

கொக்கிகளை அவிழ்த்ததும் வெங்கடம்மா எழுந்து பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தாள்.

"இது எடுக்கல. குடுத்துக்கினு இருந்திருக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

"நான் நிறுத்திட்டேன்."

"உங்களுக்கு யாரும் சொல்லலியேக்கா."

"வெச்சிருந்தா பொழச்சிருப்பானா?"

சுலோசனா ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தாள். கடைசியில் அவள் வாயில் வந்தது, "தெரியலக்கா. நெஜமாவே எனக்குத் தெரியல" என்பதுதான்.

வெங்கடம்மா பெரிய குரலெடுத்து அழுதாள். பதின்மூன்று வருஷமாக அழாத அழுகை அது என்று கங்கையா பிற்பாடு சொன்னார். சுலோசனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பொழுது சாயும்போது அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டாள். அதன் பிறகு ஒரு மாதம், கிணற்றுப் பயத்தில், தினமும் இரண்டு வேளை ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வீட்டுக்குப் போய் வந்தாள். வெங்கடம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு தின்ன ஆரம்பித்தாள்.

அறுபதாம் வருஷம் பங்குனியில் எல்லை முடிவானது. பக்கத்து ஊர்கள் சில மதராசோடு போயின. மங்காபுரம் ஆந்திராவிலேயே நின்றது. ஆவணியில் ஓர் இளம் டாக்டர் லாரியோடு வந்தார். பெட்டியைப் பார்த்ததுமே இன்னதென்று சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். இந்த நோயில் பெட்டியில் வைத்தும் போனவர்கள் உண்டு, பிழைத்தவர்களும் உண்டு, முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது என்றார். சுலோசனா அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வெங்கடம்மாவிடம் சொன்னாள்.

பெட்டியை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டும்போது வெங்கடம்மா வந்து டாக்டர் முன்னால் நின்றாள்.

"நைனா, இதுல ஒரு புள்ளய படுக்க வெக்கறப்ப, மொதல்ல அவங்க அம்மாவ படுக்க வெச்சிக் காட்டு. அப்பறமா புள்ளய வெய்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சுலோசனாவைப் பார்த்தார். சுலோசனா அவரை நிழலில் உட்கார வைத்து, ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.