பின்கட்டுக்கு வந்த இன்டர்நெட்

எங்கள் வீட்டு இன்டர்நெட் முன்அறையில் மாமாவின் தலைக்கு மேல் ஒரு பலகையில் இருந்தது. என் கம்ப்யூட்டர் முற்றம் தாண்டிப் பின்கட்டில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் வேலை மாட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். முகம் தெரியாத மனிதர்களின் மூட்டுவலியும் நெஞ்செரிச்சலும் எனக்கு அத்துப்படி. மற்றவர்களுக்குப் புரியாத உச்சரிப்பை என்னிடம் கொண்டுவருவார்கள். நானும் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ள எனக்கு வாய்த்த ஒரே இடம் அது.

பெண் பார்க்க வந்தபோது மாமா, "வேலைய விட வேண்டாங்க, ஊட்டுல இருந்தே பாக்கட்டும்" என்றார். சொன்னதைச் செய்யத்தான் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. கொல்லிமலைக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது. அரியூர் நாட்டில் எங்கள் பக்கத்தில் முதலில் விண்ணப்பித்தவர் அவர்தான்.

ஆனால் இன்டர்நெட் வரும் அந்த போன் முன்அறையில்தான் இருந்தாக வேண்டும். மிளகும் காபியும் வாங்க வரும் வியாபாரிகள் உட்காருவது அங்கே, சேந்தமங்கலத்திலிருந்து விலை கேட்டு போன் வருவதும் அங்கே. அவர்களுக்கு நடுவில் மருமகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அளவுக்கு அப்படி ஒன்றை யாரும் நினைத்தே பார்க்கவில்லை, நான் உட்பட. முற்றத்தின் மேல் கேபிள் இழுத்தோம், குரங்குகள் பிய்த்தன. குழாய்க்குள் விட்டு இழுத்தோம், குழாயோடு பிய்த்தன. வைஃபை வைத்துப் பார்த்தோம், அது கருங்கல் சுவரைத் தாண்டி வரவில்லை.

கடைசியில் என் கணவர் கோயம்புத்தூரில் விசாரித்து இரண்டு வெள்ளைப் பெட்டிகள் வாங்கி வந்தார். பவர்லைன் அடாப்டர் என்று பெயர். ஒன்றை மோடத்துக்குப் பக்கத்து ப்ளக்கில் செருக வேண்டும், இன்னொன்றை என் அறை ப்ளக்கில். சுவருக்குள் ஓடும் கரண்ட் ஒயர் வழியாகவே இன்டர்நெட் வந்துவிடும்.

"ஏஞ்சாமி, கரண்டோட கலந்து வந்தா அவளுக்கு ஷாக் அடிக்காதா?" என்று அத்தை தன் மகனிடம் கேட்டார்.

"அடிக்காதுங்ம்மா."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் அழுதுவிட்டேன். ஒரு விளக்கு எரிந்ததற்கா அழுவார்கள் என்று கணவர் கேலி செய்தார். சேலத்துக்கு போன் போட்டேன். ஒரு வாரம் சோதனை வைப்போம் என்றார்கள். அனுப்பும் பதிவுகளைக் குறித்த நேரத்துக்குள் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்று தவறினாலும் வீட்டிலிருந்து செய்வது சரிப்படாது என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அமெரிக்காவில் விடியும்போது நமக்குச் சாயங்காலம். மலையில் வோல்டேஜ் விழுவதும் சாயங்காலம்தான். கிணற்று மோட்டாருக்காக மூன்று பேஸ் லைன் வாங்கிய வீடு எங்களுடையது. அதனால் முன்அறைச் சுவரில் ஒரு திருகு சுவிட்சு உண்டு. ஒரு லைனில் வெளிச்சம் மங்கினால் அதைத் திருகி அடுத்த லைனுக்கு மாற்றிவிடுவார்கள். அத்தைக்குப் பேச்சு நிற்காது, கை மட்டும் போய் மாற்றிவிட்டு வரும். பின்கட்டு பிற்பாடு கட்டியது. அது அந்த சுவிட்சோடு சேராமல் ஒரே லைனில் நிலையாக இருந்தது. முன்கட்டும் அதே லைனில் இருக்கும்வரை இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்ளும். முன்கட்டை வேறு லைனுக்குத் திருகினால் என் பெட்டியில் சிவப்பு விளக்கு.

இது இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. நல்லவேளை, அன்றைக்கு நேரம் மீதி இருந்தது. என் கணவர் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த வாரம் முழுக்க யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்றார்.

"எங்க சௌகரியத்துக்காவ அதத் தொடுவமா? நீ பாரு கண்ணு" என்றார் அத்தை.

தொடவும் இல்லை. டிவி படம் சுருங்கி ஆடியது, அப்படியே பார்த்தார்கள். மிக்ஸி ஓடவில்லை, அம்மியில் அரைத்தார்கள். மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்தார். எனக்காக ஒரு வீடே இருட்டில் உட்கார்ந்திருந்தது. அதை நினைத்து இன்னும் வேகமாக டைப் அடித்தேன்.

கடைசி நாள் என் கணவர் சேந்தமங்கலத்துக்கு மிளகு மூட்டையோடு லாரியில் போயிருந்தார். வந்தது நீளமான பதிவு, டாக்டர் வேறு வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். முடித்துத் திருத்தி அனுப்பப் போன சமயம் அறை பல்பு செக்கச் சிவந்து மங்கியது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடியதால் நான் கவலைப்படவில்லை. அனுப்பும் பட்டனை அழுத்தினேன். பாதி போயிருக்கும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

முற்றத்தைத் தாண்டி ஓடினேன். முன்அறை பளிச்சென்று இருந்தது. மாமா போனில் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார், இரண்டு வியாபாரிகள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், அவர்கள் தலைக்கு மேலே கையை நீட்டி சுவிட்சைப் பழைய லைனுக்குத் திருகினேன். விளக்குகள் செத்தன. மோடமும் சேர்ந்து செத்தது. அதற்குள் அந்த லைனில் மோடம் ஓடும் அளவுக்குக்கூடக் கரண்ட் இல்லை. மறுபடி மாற்றினேன். மோடம் எரிந்தது, ஆனால் அங்கிருந்து பின்கட்டுக்கு வழி இல்லை. ஒரு லைனில் மோடம் இல்லை, இன்னொரு லைனில் நான் இல்லை. கம்ப்யூட்டரைக் கழற்றித் தூக்கி வந்து முன்அறையில் பூட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். வியாபாரிகள் டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள்.

"என்ன கண்ணு?" என்றார் மாமா, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"ஒண்ணுமில்லீங்க மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். நேரம் போவதைத் திரையின் மூலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை. மின்சாரத்தின் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? கரண்ட் சரியானபோது பதிவு போயிற்று. போய் என்ன, அடுத்த நாள் காலையிலேயே சேலத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவர் மாமா. சரிப்படாது என்பதை அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

"வருத்தப்படாத கண்ணு. மலையில கரண்டு ஒழுங்கா வர்ற காலத்துல பாத்துக்கலாம்" என்றார். அந்தக் காலம் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அத்தை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நேத்து உன்ற ரூம்பு பல்பு தணலாட்டம் எரிஞ்சுது. முத்தத்துல நின்னு பாத்தேன், மனசு கேக்குல. இருட்டுல கண்ணக் கெடுத்துக்கறயேன்னு நாந்தான் போயி லைன மாத்தியுட்டேன். எங்களுக்காவத் தொடுல சாமி, உனக்காவத்தான் தொட்டேன்."

அந்த சுவிட்சு பின்கட்டுக்கு இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டேன்.

"வெளிச்சம் பத்துச்சா கண்ணு?"

"பத்துச்சுங்க அத்தே" என்றேன்.