சாப்பாட்டுக்குப் பின்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தின் வடகரை ஊரான தொண்டைமானாற்றில் இருந்தோம். மாரி மழையும் கடற்கரைக் கூதலும் சேர்ந்து ஊரையே இருமவைக்கும் காலம். எங்கள் சனசமூக நிலையத்தில் வியாழக்கிழமை தோறும் ஒரு டொக்டர் வந்து இலவசமாக மருந்து தருவார். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்தக் கிளினிக்கில் குளிசை, அதாவது மாத்திரை, கொடுக்கும் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் என் கையெழுத்து முத்துப்போல இருக்கிறது என்று டொக்டரே ஒருநாள் சொல்லிவிட்டதால், குளிசைப் பொட்டலங்களில் எழுதும் உரிமை எனக்கு மட்டும்தான். போதாதா? கால் தரையில் படாமல் திரிந்தேன்.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு அக்கா இருந்தார். கணவர் கடற்றொழில் செய்பவர், இரண்டு சின்னப் பிள்ளைகள். அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் அனலாகக் காய்ந்தது. டொக்டர் ஏழு நாளைக்குக் குளிசை கொடுக்கச் சொன்னார். "தினமும் மூன்று நேரம், சாப்பாட்டுக்குப் பின்" என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வியாழன் அக்காவைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டொக்டரின் முகம் மாறிவிட்டது.

"குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"ஓம் டொக்டர். எழுதினபடிதான் போட்டனான்."

அப்படியென்றால் இந்த மருந்து கேட்கவில்லை என்று சொல்லி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பிள்ளைகளை ஆர் பார்ப்பது என்று அக்கா அழத் தொடங்கினார். கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பை இழுத்தபோது, அதில் முடிந்திருந்த பொட்டலம் கீழே விழுந்தது.

குனிந்து எடுத்தேன். குளிசையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. சட்டென்று ஒன்று உறைத்தது. ஊரில் மார்கழிப் பிள்ளையார் விரதம் நடந்துகொண்டிருந்தது. அக்காவின் காதோடு கேட்டேன்.

"அக்கா, நீங்கள் விரதமோ?"

"ஓம் பிள்ளை, இருபத்தொரு நாளும் பிடிக்கிறன். மத்தியானம் மட்டும்தானே சாப்பாடு. அதாலை அந்த நேரம்தான் குளிசையும்."

"விடியவும் ராவிலையும் பால் குடிக்கிறனீங்கள்தானே?"

"பால் சாப்பாடோ பிள்ளை? சோறெல்லோ சாப்பாடு."

எங்கள் வீட்டிலும் சாப்பாடு என்றால் சோறுதான். இது தெரியாதவளா நான்? கேட்காமல் எழுதிவிட்டேன். இப்போது பேசாமல் இருந்தால் கடிதம் போய்விடும். என் பிழை ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், மறைப்பானேன்.

பிறகு அக்கா அழுவதைப் பார்த்தேன்.

"டொக்டர், மருந்திலை பிழையில்லை. நான் எழுதினதிலைதான் பிழை" என்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்க விஷயத்தைச் சொன்னேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவர் அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டு, பாதி எழுதிய கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மூண்டு நாள் பார்ப்பம். குறையாட்டில் ஆஸ்பத்திரிதான். மூண்டு நேரமும் குளிசை போறதுக்கு நீர்தான் பொறுப்பு."

புதுப் பொட்டலத்தில், "காலையில் பாலுக்குப் பின், மத்தியானம் சோற்றுக்குப் பின், இரவில் பாலுக்குப் பின்" என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் மூன்று நேரமும் மழையில் நனைந்து நனைந்து அக்கா வீட்டுக்குப் போய், குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் விடிய அக்காவின் நெற்றியில் கைவைத்தபோது குளிர்ந்திருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

அடுத்த வியாழன் அக்கா தானாக நடந்து கிளினிக்குக்கு வந்தார். "விரதமும் கலையேல்லை, காய்ச்சலும் விட்டிட்டுது" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து டொக்டர் ஒவ்வொருவரின் நெஞ்சையும் சோதித்த கையோடு, "விரதமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து எழுதினார். பெரிய படிப்புப் படித்தவர், என்னிடமிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பிறகு நான் எத்தனையோ பேருக்குக் குளிசை கொடுத்திருக்கிறேன், ஆனாலும் இன்றுவரை என்னை நினைத்து நானே நெஞ்சு நிமிர்த்துவது, ஊர் கேட்க என் பிழையை என் வாயாலேயே சொன்ன அந்த ஒரு நாளுக்காகத்தான்.