ஏழாம் நம்பர் டப்பா

மதார் சாகிப் நெருப்புக்கு மட்டும்தான் பயப்படுவார். போலீசுக்குப் பயமில்லை, பேய்க்குப் பயமில்லை. ராயபுரம் கடல் மழைக்காலத்தில் ரோட்டுக்கு ஏறி வரும்போதுகூடக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடப்பார். ஆனால் எதிரில் ஒருவன் பீடி பற்றவைத்தால் போதும், நாலடி தள்ளிப் போய்விடுவார். காரணம் இருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு மண்ணெண்ணெய்க் கிடங்கில் பதினெட்டு வருஷம் காவல் பார்த்தவர். பீப்பாய்களின் மேல் ஈரச் சாக்குப் போர்த்த வேண்டும், தரையில் ஈரமணல் பரப்ப வேண்டும், காய்வதற்குள் மறுபடி தண்ணீர் தெளிக்க வேண்டும். அவர் பொறுப்பில் இருந்த பீப்பாய் ஒன்றுகூடப் பற்றியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர் இந்த ஒரு வித்தையைக் கசடறக் கற்று வைத்திருந்தார். கடைசியில் அந்த வித்தைதான் அவரைக் கவிழ்த்தது.

1940இல் உச்சிமாகாளி என்பவர் சினிமா எடுக்கப் புறப்பட்டார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ராயபுரத்தில் மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் மொத்த வியாபாரம். நன்றாக நடந்துகொண்டிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டு இந்த மனுஷருக்கு ஏன் இந்த வேலை என்று ஊரே கேட்டது. ஊர் கேட்டு யார் நின்றார்கள்? குலதெய்வத்தின் பெயரில் ‘உச்சினி பிக்சர்ஸ்’ என்று பலகை மாட்டினார். தண்டையார்பேட்டையில் இருந்த தம் மிளகாய்க் கிடங்கையே காலி செய்து, சுவரெல்லாம் சாக்கு அடித்து ஸ்டூடியோ ஆக்கினார். வற்றல் நெடி மட்டும் கடைசிவரை போகவில்லை. துக்கக் காட்சிக்குக் கிளிசரின் வேண்டியிருக்கவில்லை. காதல் காட்சியிலும் கதாநாயகன் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் நின்றான்.

பிலிம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் சாமான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து முதலாளி தீக்காவலுக்கு ஆள் தேடினார். மதார் சாகிப் வந்து சேர்ந்தார்.

“சாயபு, இது வெடிமருந்துக்கு அண்ணன், பாத்துக்கிடும். ஒரு பொறி பட்டாப் போதும், நீருமில்ல, நானுமில்ல” என்றார் முதலாளி.

“என் கையில வுட்டுட்டு நீ நிம்மதியா தூங்கு மொதலாளி” என்றார் மதார் சாகிப்.

எடுத்த படம் ‘கடலரசி கல்யாணம்’. சுண்ணாம்பும் சிப்பியும் வைத்துக் கட்டிய கடலடி மாளிகை. ஜவ்வரிசியைக் கோத்து முத்துமாலை. கடலரசியின் சிறு வயதுக் காட்சி ஒன்று இருந்தது. அதற்காக அழைத்து வந்த குழந்தை, ஆர்க் விளக்கு சீறுகிற சத்தத்தைக் கேட்டு மிரண்டு, அம்மா மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று விட்டது. அந்த நேரம் பார்த்து, அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஜன்னத் வந்தாள். மதார் சாகிப்புக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண், ஆறு வயது. விளக்குக்கு நேர் எதிரே போய் நின்று, அது சீறும்போதெல்லாம் தானும் ‘உஸ்’ என்று சீறிச் சிரித்தாள். “இதையே ஊஞ்சலில் உட்கார வைங்கய்யா” என்றார் டைரக்டர்.

வீட்டில் பெரிய ரகளை. மதார் சாகிப்பின் மனைவி சாபிரா பெண்ணை ஒரு போட்டோ பிடிக்கக்கூட விட்டதில்லை. ஆயுசு குறையும் என்பாள். “பொண்ண கூத்தாட வுட்டுட்டு வந்து நிக்கிறியே, ஜமாத்துல இன்னா சொல்லுவாங்கோ?” என்று சட்டியைப் போட்டு உடைத்தாள். ஜன்னத்தான் அம்மாவுக்கு ஊஞ்சல் ஆடிக் காட்டி, வசனம் சொல்லிக் காட்டிச் சிரிக்க வைத்தாள்.

வசனம் ஒரே வரி: “இந்தக் கடல் முழுவதும் எனக்கே!” ஜன்னத் சொன்னது, “இந்தக் கடலு மொத்தம் எனுக்கே!” டைரக்டர் நாலு தடவை சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடலரசி ராயபுரத்துக்காரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஐந்தாம் தடவை கேமரா ஓடியது. குழந்தை ஊஞ்சலில் ஆடி, முத்தை அள்ளி வீசி, வசனத்தைச் சொல்லிச் சிரித்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் மேலே இருந்த விளக்கிலிருந்து ஒரு பொறி உதிர்ந்தது. அது பாதி வழியிலேயே அணைந்துவிட்டது. ஆனால் மதார் சாகிப் அதற்குள் ஈரச் சாக்கோடு பாய்ந்து, குழந்தையை மூடி நின்றுவிட்டார்.

“யோவ்! நான் கட் சொன்னேனா? பிலிம் விற்கிற விலையில் நாற்பது அடி போச்சேய்யா!” என்று டைரக்டர் கத்தினார்.

பிலிம் வெட்டி ஒட்டுகிற கிருஷ்ணப்பன் நல்ல மனுஷன். “விடு பாய். கடைசியில நீ வர்ற இடத்த நான் கத்திரிச்சுடுறேன்” என்றான்.

யுத்த காலம், பிரிண்ட் போடப் பிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் எடுத்ததையெல்லாம் நெகட்டிவ்வாகவே கழுவி, படம் முடிந்ததும் மொத்தமாகப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாமென்று தகர டப்பாக்களில் அடைத்து வைத்தார்கள். மொத்தம் பதினாலு. ஜன்னத் இருந்தது ஏழாம் நம்பர் டப்பாவில். “வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டட்டுமா பாய், உன் பொண்ண?” என்று கிருஷ்ணப்பன் ஒருநாள் கேட்டான். மதார் சாகிப்புக்கு ஆசைதான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். “துண்டு துண்டா வாணாம் நைனா. பொண்டாட்டி, புள்ளயோட கொட்டாயில குந்திகினு முழுசா பாக்குறேன்.”

அன்றைக்குப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. கிருஷ்ணப்பன் முதல் ரயிலிலேயே கும்பகோணம் போய்விட்டான். டைரக்டர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி ஊருக்கு வண்டி ஏறுமுன் பதினாலு டப்பாவையும் மதார் சாகிப்பிடம் ஒப்படைத்தார். “ஹார்பர் பக்கத்துல இது இருக்கப்படாதுவே. எங்கயாச்சும் கொண்டு போயிக் காப்பாத்தும். என் சீவன் இதுலதான் கெடக்கு.”

சாபிராவின் அண்ணன் பஷீர் காத்திவாக்கத்தில் இறால் வாங்கி விற்கிறவர். பக்கிங்காம் கால்வாயில் படகு பிடித்து, பெண்டாட்டி, பிள்ளை, பதினாலு டப்பாவோடு மதார் சாகிப் அங்கே போய் இறங்கினார். சுற்றிலும் ஓலைக் குடிசை, ஒவ்வொன்றிலும் அடுப்பு. சித்திரை வெயில் வேறு. மண்ணெண்ணெய்க் கிடங்கு கற்றுக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார். உப்பங்கழி ஓரம் மார்பளவு குழி தோண்டினார். டப்பாக்களை ஈரச் சாக்கில் சுற்றி இறக்கினார். மேலே ஈரமணல். தினமும் மூன்று வேளை கழியில் குடம் முக்கி அதன்மேல் ஊற்றினார். ஒரு வேளை தவறவில்லை. எடுத்துச் சொல்ல ஒரு நாதி இல்லையே அங்கே!

ஆனி மாதத்தில் ஜன்னத்துக்கு விஷஜுரம் கண்டது. வைத்தியர் என்று இருந்தவர்களும் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். பஷீர் இரண்டு நாள் அலைந்து ஒரு கஷாயத்தோடு திரும்பினார். மூன்றாம் நாள் காலை மதார் சாகிப் குடத்தோடு வெளியே கிளம்பியபோது சாபிரா அலறினாள். “புள்ள வாய்க்குத் தண்ணி கேட்டுகினு கீது, நீ பொட்டிக்கு ஊத்தப் போறியா?” அவர் திரும்பி வந்து குழந்தையின் வாயில் ரெண்டு சொட்டு விட்டார். ஒரு சொட்டு இறங்கியது. உச்சி வெயில் சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குழந்தையை மையவாடியில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மறுநாள் காலையிலும் மதார் சாகிப் குடத்தை எடுத்தார். பஷீர் தடுத்துப் பார்த்தார். “வுடு மச்சான்” என்றார் இவர். “அவ சிரிச்சது, பேசுனது எல்லாம் அதுக்குள்ளதான் கீது. எனுக்கு வேற இன்னா கீது?” இந்தத் தடவை சாபிரா தானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அன்றிலிருந்து இரண்டு பேருமாக ஊற்றினார்கள்.

ஆவணியில் ஊர் திரும்பினார்கள். தண்டையார்பேட்டை ஸ்டூடியோக் கிடங்கில் ஓர் ஓடுகூட நகர்ந்திருக்கவில்லை. போட்டது போட்டபடி டப்பாக்களை அங்கேயே விட்டுப் போயிருந்தாலும் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். அதை அப்போது யார் கண்டது?

அப்புறம் நாலு வருஷம் படவேலை நடக்கவில்லை. பிலிமுக்கு லைசென்ஸ் வேண்டும், உச்சினி பிக்சர்ஸ் மாதிரிக் குட்டிக் கம்பெனிக்கு யார் கொடுப்பார்கள்? டப்பாவை அநாவசியமாகத் திறக்கக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மதார் சாகிப் அவற்றைக் கிடங்கின் இருட்டு மூலையில் அடுக்கி, சாக்குப் போர்த்தி, தண்ணீர் தெளித்துக் காத்தார். ஏழாம் நம்பர் டப்பா மட்டும் கை எட்டுகிற உயரத்தில் இருக்கும். போட்டோகூட வேண்டாம் என்றிருந்த சாபிரா, இப்போது ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்பாள்: “படம் எப்ப வரும்?”

நாற்பத்தாறில் லைசென்ஸ் கிடைத்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதல் டப்பாவை நடுவில் வைத்தார்கள். கிருஷ்ணப்பன் திரும்பி வந்திருந்தான். மூடியை நெம்பியதும் அழுகிய நாற்றம் அடித்தது. உள்ளே பிலிம் சுருள் இல்லை. உருகி இறுகிய கருப்பட்டிக் கட்டி மாதிரி ஒன்று இருந்தது. இரண்டாவது டப்பா, மூன்றாவது டப்பா, எல்லாம் அப்படியே. கிருஷ்ணப்பன் நிமிர்ந்து, “இத எங்க வச்சிருந்த பாய்?” என்று கேட்டான். மதார் சாகிப் பெருமையோடு சொன்னார்: குழி, சாக்கு, மணல், மூன்று வேளைத் தண்ணீர், எல்லாவற்றையும்.

கிருஷ்ணப்பன் கையிலிருந்த மூடியைத் தரையில் வைத்தான். “படம் இருக்கிறது மேல பூசின பசையிலதான் பாய். அதுக்கு நெருப்பு ஒரு எமன்னா, தண்ணி இன்னொரு எமன்.”

முதலாளி கத்துவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. “உம்மச் சொல்லிக் குத்தமில்லவே, நாந்தான் சொல்லாமப் போனேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் மதார் சாகிப்புக்கு மனபாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

“ஏழு” என்றார் மதார் சாகிப்.

கிருஷ்ணப்பன் ஏழாவதைத் திறந்து, கத்தியால் பொறுமையாகச் சீவிக்கொண்டே போனான். நடுவில், சுருளின் கடைசி முனையில், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் ஈரம் எட்டாமல் பிழைத்திருந்தது. நாலே நாலு படம். அதைக் கதவோரத்து வெயிலில் பிடித்துக் காட்டினான். நெகட்டிவ்வில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரியும். ஊஞ்சலின் சங்கிலி தெரிந்தது. அதற்கு முன்னால் வெள்ளையாக, அகலமாக ஒரு முதுகு நின்றது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கால், கொலுசோடு. அவ்வளவுதான்.

“யாரு நைனா இந்த வெள்ள ஆளு, குறுக்கால நிக்கிறான்?”

கிருஷ்ணப்பன் துண்டை வெயிலிலிருந்து இறக்கினான். அப்புறம், “நீதான் பாய்” என்றான். “நான் கத்திரிக்கிறேன்னு சொன்ன இடம்.”

உச்சினி பிக்சர்ஸ் பலகை இறங்கியது. கிடங்குக்கு மறுபடி மிளகாய் வற்றல் வந்தது. முதலாளி மதார் சாகிப்பை வேலையை விட்டு அனுப்பவில்லை. மிளகாய்க்கு ஈரம் ஆகாது. துளித் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதே இப்போது அவருக்கு உத்தியோகம். அல்லா இப்படியும் ஒரு மனுஷனைச் சோதிப்பானா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. டப்பாவைத் திறந்த கதையைச் சாபிராவிடம் சொல்லவும் இல்லை. ஐம்பத்தொன்றில் அவள் கண்ணை மூடுகிறவரை, ஒவ்வொரு பெருநாளும், “இன்னும் கொஞ்சம் வேல பாக்கி கீதாம்” என்றே சொல்லிவந்தார்.

கிருஷ்ணப்பன் கோடம்பாக்கத்தில் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் சேர்ந்திருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை மதார் சாகிப் ராயபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவார். கடைசியாகப் போனது ஐம்பத்தைந்தில். அதற்குள் கலர்ப் படமெல்லாம் வரத் தொடங்கிவிட்டது. கேட் ஓரத்தில் நின்று, பனியன் பைக்குள்ளிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய அந்தத் துண்டை எடுத்து நீட்டினார்.

“புச்சு புச்சா மிஷினு வந்துக்கீதாமே நைனா. இதுல நிக்கிறானே, இந்த ஆள மட்டும் கொஞ்சம் நவுத்திட முடியாதா? ஓரமாப் போச்சின்னா போதும். மொகம் தெரிஞ்சிரும்.”

“முடியாது பாய்” என்றான் கிருஷ்ணப்பன்.

மதார் சாகிப் தலையை ஆட்டிக்கொண்டார். துண்டை ஈரக்கை படாமல் மறுபடி காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.