பசிக்கிறது என்று அவர் சொன்ன நாள்

போன கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள், மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு வாசலில் என் கணவர் சுருண்டு விழுந்தார். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற நான் போட்ட சத்தத்தில் தெருக்காரர்கள் ஓடி வந்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

அவர் பெங்களூரில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. ஒரு சீசனில் எல்லோரையும்விட அதிகம் ஜெயித்துச் சாம்பியன் கோப்பை வாங்கியவர். குதிரைமேல் பாரம் கூடக் கூடாது என்பதால், பந்தயம் நெருங்கினால் சாப்பாட்டைக் குறைப்பார். ஊருக்கு வந்தாலும் விடமாட்டார். வியர்த்து எடை இறங்கட்டும் என்று உச்சி வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுவார். "ஏலே சாம்பியன், மழை எங்கன பெய்யுது?" என்று கடைக்கார அண்ணாச்சி கேலி செய்வார்.

சஷ்டி முடிந்த மறுவாரம் பெரிய பந்தயம் இருந்தது. "எப்படியும் பட்டினிதான். அதை முருகனுக்குக் குடுத்தா புண்ணியமாச்சும் மிஞ்சும்லா" என்று வெறும் தண்ணீர் விரதம் ஏற்றார். ஓட்டத்தையும் நிறுத்தவில்லை. விரதத்தைத் தடுப்பது பாவமோ என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் நின்றுபோயிருக்கிறது, அது வேலை செய்யத் தொடங்கினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்றேன். இனிப் பந்தயமும் கோப்பையும் வேண்டாம் என்று வேண்டவா? அது அவர் ஆசையாயிற்றே. விரதம் பாதியில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கவா? எதுவும் சரியாக வரவில்லை. "முருகா, பிள்ளைக்கு அப்பா வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சிறுநீர் பிரிந்தது. பிற்பகலில் கண் திறந்து, "ஏளா, பசிக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார் டாக்டர். என் மாமியார்தான் பயந்தார்.

"சூரசம்ஹாரம் முடியட்டும்ளா. இப்பம் முறிச்சா சாமி குத்தம் வந்துரும்."

"பசின்னு கேக்க வச்சதே அவன்தான் அத்தை."

அத்தை என் கையிலிருந்த தம்ளரை வாங்கினார். கொடுக்கவிட மாட்டாரோ என்று பதறினேன். "சூடா இருக்கு, பையக் குடுக்கணும்" என்று ஊதி ஆற்றினார்.

இப்போது அவர் பந்தயத்தில் ஓட்டுவதில்லை. குதிரைகளைப் பழக்கும் ஒருவருக்கு உதவியாக இருக்கிறார். பந்தய நாளில் முகம் வாடும். அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் மகளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் முருகனுக்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்தால், முருகனிடம் எப்படிக் கேட்பது என்று என்னைப் போலத் தடுமாற வேண்டாம். வாய்க்கு வந்ததைக் கேளுங்கள். அரைகுறையாகச் சொன்னதையும் அவன் முழுதாகக் கேட்டுக்கொள்கிறான்.