மோந்து பார்க்கிற வேலை

கோப்பைக்குள் மூக்கை விட வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள், ஒயின் கிடங்கைச் சுற்றிக் காட்டுகிற பெண். உடனே குடித்துவிடக் கூடாதாம், முதலில் மோந்து பார்க்க வேண்டுமாம். போன மாதம் போர்ச்சுகலில் போர்த்தோ என்கிற ஊருக்குப் போயிருந்தோம், நானும் என் வீட்டுக்காரியும். மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மோந்து பார்க்கிறது எப்படி என்று எனக்கே ஒருத்தி சொல்லிக் கொடுக்கிறாளே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊர் நல்ல ஊர்தான். கரிசக்காட்டில் பிறந்தவனுக்கு ஆறு என்றால் மணல். அங்கே டோரோ என்று ஓர் ஆறு, இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு சும்மா போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு குடம் மோந்துகொள்ளக்கூட ஆளைக் காணோம். கரையிலிருந்து மேட்டுக்கு ஒரே படிக்கட்டு, என் முழங்கால் இரண்டும் அழுதுவிட்டன. பழங்காலத்து வீடுகள், பால்கனிதோறும் காயப்போட்ட துணி. ரயில்வே ஸ்டேஷன் சுவர் பூராவும் நீலப் படம் போட்ட ஓடு பதித்திருக்கிறார்கள். கோவில்பட்டி ஸ்டேஷன் சுவரில் நாங்கள் சாய்ந்து சாய்ந்து பதித்த தலை எண்ணெய்தான் உண்டு.

ஆற்றுக்கு அக்கரையில் ஒயின் கிடங்குகள். மலைச்சரிவில் விளைந்த திராட்சையை அங்கேயே மிதித்துச் சாறாக்கி, பீப்பாயில் அடைத்து, ஒரு காலத்தில் படகிலேயே இறக்குவார்களாம். நான் குடிக்கிறவன் இல்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் வந்திருக்கிறேன். "டிக்கெட் எடுத்தாச்சுப்பா, சும்மா சுத்திப் பாருங்க" என்று மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே இருட்டு, குளிர்ச்சி. வாசல் பக்கத்தில் மூடி திறந்த ஒரு பீப்பாய் நின்றது. குனிந்தேன். குப்பென்று ஏறியது ஒரு வாசனை. இனிப்பும் புளிப்புமாக, மழையில் நனைந்த வெல்ல மூட்டை மாதிரி. இதற்குள் எத்தனை லிட்டர் பிடிக்கும், எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். சுற்றிக் காட்டிய பெண் சிரித்தாள். மகள் தமிழில் சொன்னாள்: "அது காலிப் பீப்பாயாம்ப்பா. கழுவிப் பல மாசமாச்சாம். ஒரு சொட்டு கிடையாது, மரத்துல ஊறுன வாசனை மட்டுந்தானாம்."

அதற்குப் பிறகு அந்தப் பெண் காட்டியது எதுவும் என் கண்ணில் ஏறவில்லை. எனக்குக் குருசாமி அண்ணனின் சட்டை ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில். நான் பஞ்சாலையில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், ஊரில் ஒருவர் குடித்துவிட்டு வந்து கிணற்றில் விழுந்து செத்துப் போனார். பெண்கள் எல்லாரும் ஊர்க்கூட்டத்தில் வந்து அழுதார்கள். குடி கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. காவலுக்கு இளைஞர் சங்கம், அதற்குச் செயலாளர் நான். சாயந்தரம் டவுன் பஸ் வந்து நின்றதும் இறங்குகிற ஆண்களை வரிசையாக "ஊதுங்க" என்போம். ஊதுவார்கள். மோந்து பார்க்கிற வேலை என்னுடையது. எனக்கு நல்ல மூக்கு என்று ஊரே சொன்னது. ஏலக்காய் போட்டு மென்றாலும் கண்டுபிடித்துவிடுவேன். பிடிபட்டவர் வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அடி கிடையாது, விழ வேண்டும், அவ்வளவுதான். பெஞ்சாதி பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள்.

குருசாமி அண்ணன் கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கடையில் மூட்டை சுமந்தவர். ஆள் பெரிய கேலிக்காரர். ஒருநாள் பஸ் படியில் நின்றபடியே என்னைப் பார்த்து, "ஏலே, மோப்ப நாய் வந்துட்டுல்லா, எல்லாரும் வாயைத் தொடைச்சிக்கிடுங்க" என்றார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு வந்த பெண்கள் பஸ்ஸே அதிரச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி சிரிக்கக்கூடாது என்று நான் நினைத்திருந்த பெண். போகட்டும், அது வேறு கதை.

அடுத்தது ஐப்பசி அடைமழை. கடைக் கிடங்கில் மிட்டாய்க்கு வாங்கிப் போட்ட வெல்லம் கசிகிற காலம். நனைந்த மூட்டையைச் சுமந்து சுமந்து அண்ணனின் முதுகு பூராவும் வெல்லத் தண்ணீர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே புளித்த வாசனை ஆளுக்கு முன்னால் வந்தது. கூட நின்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "ஊதுங்க" என்றேன். ஊதினார்.

வாயில் ஒன்றுமில்லை. வெற்றிலை வாசம்கூட இல்லை. எல்லாம் சட்டையில்தான் இருந்தது. அந்த நிமிசமே எனக்கு அது தெரிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "குடிச்சிருக்காரு" என்றேன்.

"வெல்ல மூட்டை நாத்தம்லே அது. நல்லா மோந்து பாருலே தம்பி" என்றார். முதல்முறையாக அவர் குரலில் கேலி இல்லை. நான் திரும்ப மோந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழுந்தார். மழைச் சேறு, கரிசல் மண் வேறு. எழுந்திருக்கும்போது நெற்றியிலும் மார்பிலும் அப்பியிருந்தது. துடைக்காமலே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேலி செய்து நான் கேட்டதில்லை. ஒருவேளை கொஞ்சம் குடித்திருப்பார், எனக்குத்தான் தெரியவில்லை என்று இத்தனை வருசமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒயின் கிடங்கில் கடைசியாக மகள் நீட்டிய கோப்பையை வாங்காமல் வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். ஐம்பத்தெட்டு வயசில் வெட்கத்தில் காது சுடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் அண்ணனின் பெஞ்சாதியைத் தேடிப் போனேன். அண்ணன் இறந்து மூன்று வருசமாகிறது. மதினி இப்போது கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காபி கொடுத்து, "வெளிநாடெல்லாம் போய்ட்டு வந்தியளாமே" என்று சந்தோசமாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். வாயில் வாசம் இல்லை, தெரிந்தேதான் சொன்னேன் என்று முழுசாகச் சொன்னேன்.

மதினி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவிய குடிக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. ஆனா அந்த வெள்ளிக்கிழமையிலேருந்து வேலை விட்டு வந்தா நேரா உள்ள வர மாட்டாவ. வாசல்ல நின்னு, எனக்கு ஊதிக் காட்டிட்டுத்தான் செருப்பைக் கழத்துவாவ. நான் கேட்டனா, நான் கேட்டனான்னு அழுவேன். சாவுற மட்டும் விடல."

காபி டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா, நினைத்தேனா என்றுகூட இப்போது நிச்சயமில்லை.

அண்ணன் விழுந்த இரண்டு வருசத்தில் சங்கம் கலைந்துவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற விலக்கில் ஒயின்ஷாப் வந்தது. என்னோடு காவல் நின்றவர்களில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள், யாரும் யாரையும் ஊதச் சொல்வதில்லை. டவுன் பஸ்ஸும் இப்போது ஊருக்குள் வருவதில்லை. அண்ணனின் வீட்டை ரோடு அகலப்படுத்த என்று போன வருசம் இடித்தார்கள். அந்த வாசலில் போய், நாலு பேர் பார்க்க, நான் விழுந்திருக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் லாரி போகிறது.