வாசற்படிக்கு வைத்த சரிவு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மரத்தில் கோடு போட்டுப் பழகிய கை, தாளில் நேராக ஓடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊர். தச்சு வேலை செய்கிறேன். கல்யாணமாகி நான்காம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் ஒரு கலப்பை வேலை பாக்கி இருந்தது. அதைச் செய்தேன்.

அதன்பிறகு அவள் உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி நகர்வாள். வீட்டுக்குள் எங்கும் போவாள். வாசற்படியோடு நின்றுவிடுவாள். எங்கள் பக்கத்தில் மழைத்தண்ணீரும் பாம்பும் உள்ளே வராதிருக்கப் படியை உயரமாக வைப்போம். எங்கள் வீட்டுப் படி வேங்கை மரம், ஒரு சாண் உயரம். வெள்ளிக்கிழமை அவளே அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். படியை மிதிக்கக் கூடாது, அதன்மேல் உட்காரக் கூடாது. அதனால் காலையில் நான் அவளை வெளியே தூக்கிப் போவேன், கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தூக்கி வருவேன். சாயங்காலமும் அப்படியே. ஏழு வருஷம் இப்படி நடந்தது.

எட்டாம் வருஷம் மாசி மாதம், புதூர்நாட்டில் தங்கிப் புளி வாங்கும் வாணியம்பாடி பாய் ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டார். இரண்டு மணி நேர நடை, தினமும் போய் வந்தேன். அவர் வீட்டுப் பின்னறையில் பழைய சுண்ணாம்புத் தரை. முன்னறைக்குப் புதிதாகச் சிமெண்டு போட்டதில் அது இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. அவருடைய அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. காலைத் தூக்காமல் தேய்த்துத்தான் நடப்பார். அந்த இடத்தில் இரண்டு முறை விழுந்திருந்தார்.

"அம்மா கால் தட்டக் கூடாது ஆசாரி. அவ்ளோதான்" என்றார் பாய்.

இரண்டு தரைக்கும் நடுவே ஒரு சரிவுப் பலகை வைப்பதென்று நூல் பிடித்துப் பார்த்தேன். கொத்தனார் போட்ட தரை மட்டமாக இல்லை. ஒரு முனையில் இரண்டு அங்குலம், மறு முனையில் ஒன்றரை. தரையில் கரியைத் தேய்த்துப் பலகையை அழுத்துவேன். கரி ஒட்டிய இடத்தை மட்டும் இழைப்பேன். மறுபடி அழுத்துவேன். நான்கு நாளில் பலகை இரண்டு தரையிலும் ஒட்டி உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் அம்மா நடந்து பார்த்தார்.

"படி வச்சிட்டியா தம்பி?"

"இப்பதான் தாண்டி வந்தீங்கம்மா."

"பொய் சொல்லாத. கால்ல ஒண்ணும் படலியே."

"செய்யாமயே செஞ்சேன்றாரும்மா, நம்பாத" என்று பாய் சிரித்தார்.

அம்மா திரும்பவும் நடந்தார். பிறகு கேட்டார், "வூட்ல யார் இருக்காங்க?"

"சம்சாரம். நடக்க முடியாதுங்க."

"அப்ப வெளிய எப்டி வர்றா?"

"நான் தூக்குவேன்."

"நீ அஞ்சு நாளா இங்கதான இருக்க. பகல்லாம் அவ எங்க இருப்பா?"

"உள்ள."

"இன்னா தம்பி நீ" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பலாப்பலகைகளை இழைத்தேன். வேங்கைப் படியை அறுக்கவில்லை. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, சரிவாகப் பொருத்தினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நடுவுல படி மேல உக்காரணுமே, மாமா."

"ஆமா."

அவள் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கைகளை ஊன்றி ஏறினாள், படிமேல் உட்கார்ந்தாள், வெளிப்பக்கம் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"இன்னாடி படி மேல உக்கார்ற? வூட்டுக்கு ஆவாதுடி."

"ஏழு வருசமா உள்ளயே உக்காந்திருந்தேனே, எனக்கு மட்டும் ஆச்சா?" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை வழக்கம்போல அவள் படுக்கையருகே போனேன். பாய் சுருட்டியிருந்தது. மூன்று வீடு தள்ளிப் பெண்கள் புளி தட்டும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஓடு நீக்கிக்கொண்டே ஏதோ சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் உளிப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது கேட்டாள், "இத்த முன்னயே பண்ணியிருக்கலாமே, மாமா?"

"தோணல" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

தோன்றியது. அவள் கால் போன இரண்டாம் வருஷமே தோன்றியது. குச்சியால் படியின் உயரத்தை அளந்தேன், பலகையும் எடுத்து வைத்தேன். பிறகு அந்தப் பலகையை வேறொருவர் வீட்டு ஜன்னலுக்குப் போட்டுவிட்டேன். குழந்தை போனபின் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பக்கத்தில் போய் உட்காரவும் எனக்குக் கூச்சம். தூக்கும்போது மட்டும் அவள் என் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். அதற்காக ஆறு வருஷம் அவளை உள்ளே வைத்திருந்தேன். இதை அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது படித்துச் சொன்னால் தெரிந்துகொள்ளட்டும்.

1964, ஐப்பசி ஒன்பதாம் தேதி.