மாமாங்கப் படியும் என் முழங்காலும்

நான் பொய் சொன்னேன். அந்த ஆடி அமாவாசைக் காலையில் என் முழங்கால் நோகவில்லை. நோகிறதென்று மகளிடம் சொல்லிக் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

அதற்கு முன் நொந்ததும் பொய்யென்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது... முழங்கால் சில்லுக்குப் பின்னாலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். குந்தினால் எழும்ப முடியாது. பஸ்ஸில் காலை மடக்கி இருந்துவிட்டு, சோதனைச் சாவடியில் இறங்கி நடக்கச் சொன்னால் முதல் எட்டிலேயே உயிர் போய்விடும். படி ஏறுவதைக்கூடச் சமாளிப்பேன், இறங்குவதுதான் கொடுமை. சில்லுக்குள் மணல் அரைபடுவது போலிருக்கும்.

என் கணவர் இருந்தவரை இந்த வலி எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை. நான் குந்தாமல் சமைக்க வேண்டுமென்று அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்திக் கட்டித் தந்தவர் அவர். "உன்ட முழங்காலுக்கும் சேத்துத்தான் நான் தாலி கட்டின" என்று பகிடி பண்ணிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிடுவார். அந்தக் கையின் சூடு... அதற்காக இன்றும் ஏங்குகிறேன்.

சண்டைக் காலம். ஒரு நாள் காலை, வேளாண்மையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரை வயல் வட்டைக்குப் போனார். திரும்பவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். சுட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை, உடலும் கிடைக்கவில்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. ஊர் முகம் சுளித்தது. சுளிக்கட்டும்!

எங்கள் ஒரே மகள் வளர்ந்து, தகப்பன் இல்லையென்ற முடிவுக்கு வந்துவிட்டாள். தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்று விரதமிருந்து, அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் இறங்கித் தீர்த்தமாடுவது எங்கள் வழக்கம். அன்றுதான் போனவர்களின் பசி ஆறும் என்பார்கள்.

"அப்பா பசியோட இரிப்பாரம்மா. நீங்களும் என்னோட குளத்தில இறங்கோணும். நீங்க இல்லாம நான் செய்யமாட்டன்."

"எனக்குப் படி இறங்க ஏலாது மகள்" என்றேன். அப்போது அது உண்மை.

அவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து, என் காலைத் தேற்றத் தொடங்கினாள். துவாயைச் சுருட்டி முழங்காலின் கீழே வைத்துத் தொடையை இறுக்கச் சொன்னாள். காலை நீட்டியபடி தூக்கப் பழக்கினாள். சில மாதங்கள் போனதும் கணுக்காலில் மணல் பையைக் கட்டினாள். வாசற்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏறக்குள்ள நல்ல கால், இறங்கக்குள்ள நோகிற கால்" என்று குழந்தைக்குப் போலச் சொல்லித் தந்தாள்.

கால் தேறியது. அமாவாசை நெருங்கிய ஒரு பகலில், அவள் கடைக்குப் போயிருந்த நேரம், யாரையும் பிடிக்காமல் அந்தப் படியில் இறங்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை! மகிழ வேண்டியவள் நடுங்கிப்போனேன். இந்தக் கால் குளத்தில் இறங்கினால் என் கணவர் செத்துவிடுவார்... என் காலாலேயே நான் அவரைக் கொன்றுவிடுவேன்!

அமாவாசையன்று மகள் விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காயை வெட்டி வைத்துவிட்டு, என் மாற்றுச் சேலையைப் பையில் எடுத்து வைத்தாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நோகுது மகள். முந்தியவிட மோசம்."

கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என் காலடியில் வந்து இருந்தாள். "நான்தான் பாரத்தைக் கூடக் கட்டிப்போட்டன் போல" என்றாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுத்தாள்... நோகாத காலுக்கு! தீர்த்தத்துக்குப் போகிறவர்களின் பேச்சொலி வீதியில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் தலை நிமிரவில்லை. அதன் பிறகு குளத்தைப் பற்றி அவள் கதைத்ததே இல்லை.

நான் காப்பாற்றியது என் கணவரையா, என் ஆசையையா? அவர் உண்மையிலேயே இல்லையென்றால், எங்கோ பசியோடு அலைகிறாரென்றால், அந்தச் சோற்றைத் தட்டிவிட்டவள் நானல்லவா? பெற்ற மகளைக் குற்றவாளியாக்கியும் விட்டேன். உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். சொன்னால் அவள் மறுபடியும் என்னைக் குளத்துக்கு அழைப்பாளே...

இப்போது அவள் கதிரவெளியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பாதை திறந்திருக்கும் நாட்களில் தைலப் போத்தலோடு வருவாள்.

"கால் எப்பிடியம்மா?"

"அப்பிடியேதான் மகள்."

அவள் பஸ் ஏறிய பிறகு கதவைச் சாத்துகிறேன். துவாயைச் சுருட்டி முழங்காலின் கீழே வைக்கிறேன். மணல் பையைக் கட்டிக் காலைத் தூக்குகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. எங்கள் தோணித்துறைக்குப் போகவும் படிகள் இறங்க வேண்டும். அவர் வந்து கரையேறும் நாளில் நான் ஓட வேண்டும்.